வெப்பக் கடத்தல், வெப்பச் சலனக் கணக்குகள்: கேள்வி பதில்

கேள்வி அனுப்பும்போது மூன்று விவரங்கள் கட்டாயம் வேண்டும்: அளவுகளோடு ஒரு படம், இரு பக்கமும் எல்லை நிலை என்ன (பரப்பின் வெப்பநிலை தெரியுமா, காற்றோ நீரோ தொடுகிறதா), பொருளின் பண்புகளை எந்த வெப்பநிலையில் எடுத்தீர்கள். மூன்றாவதைப் பெரும்பாலானோர் எழுதுவதே இல்லை. தவறும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

கேள்வி: சார், 150° செ. நிறைநீராவி போகிற ஸ்டீல் பைப். உள் ஆரம் 25 மி.மீ., வெளி ஆரம் 30 மி.மீ. அதன்மேல் 40 மி.மீ. கண்ணாடிக் கம்பளி. வெளிக்காற்று 30°. ஒரு மீட்டர் நீளத்துக்கு எவ்வளவு வெப்பம் போகும்? எங்கே ஆரம்பிப்பது என்றே புரியவில்லை.

பதில்: ஃபூரியே சமன்பாட்டை (வெப்பக் கடத்தலின் அடிப்படை விதி) தொகையிட உட்கார வேண்டாம். முதலில் வெப்பத் தடைகளை வரிசையாக எழுதுங்கள்; வெப்பநிலை வித்தியாசத்தை மொத்தத் தடையால் வகுத்தால் போகும் வெப்பம். உள்ளிருந்து வெளியே நான்கு தடைகள். ஒரு மீட்டர் நீளத்துக்குக் கணக்கிடுவோம், அலகு கெல்வின்/வாட்.

நீராவி பைப் சுவரில் குளிரும் இடத்தில் வெப்ப மாற்றக் கெழு (பரப்புக்கும் பாய்மத்துக்கும் நடுவே, ஒரு டிகிரி வித்தியாசத்துக்குச் சதுர மீட்டரில் மாறும் வெப்பம்; இனி 'ஹெச்') சுமார் 8000 வாட்/மீ²·கெ. என்று வைத்தால் தடை, அதாவது 1/(ஹெச் × பரப்பு), 0.0008. ஸ்டீலின் கடத்துத்திறன் (இனி 'கே') 50 வாட்/மீ·கெ.; மடக்கை(30/25)-ஐ 2π × 50 ஆல் வகுத்தால் 0.0006. கம்பளியின் கே 0.04, மடக்கை(70/30)-ஐ 2π × 0.04 ஆல் வகுத்தால் 3.37. வெளிக்காற்றுக்கு ஹெச் 10. பரப்பு 2π × 0.07, ஆகவே 0.227. மடக்கை என்றால் இயல் மடக்கை. கால்குலேட்டரில் 10 அடிமான மடக்கையை அழுத்திவிடாதீர்கள்.

மொத்தம் 3.60. வெப்பநிலை வித்தியாசம் 120. எனவே மீட்டருக்கு 33 வாட். கம்பளியின் வெளிப்பரப்பு 30 + 33.3 × 0.227, அதாவது சுமார் 37.6°. கம்பளியே இல்லாமல் அதே ஹெச் 10 போட்டால் மீட்டருக்கு 226 வாட் வரும். உண்மையில் அதைவிடக் கூடும். வெறும் பைப் 150°-ஐ ஒட்டி இருப்பதால் கதிர்வீச்சு கணிசமாகச் சேரும்.

நான்கு தடைகளில் முதல் இரண்டும் சேர்ந்து 0.0014. மொத்தத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. நீராவிப் பக்கத்து ஹெச் 8000-ஆ 12000-ஆ என்று ஒரு மணி நேரம் தேடினாலும் விடை மாறாது. அந்த நேரத்தைக் கம்பளியின் கே-யைச் சரிபார்க்கச் செலவிடுங்கள். கம்பளியின் சராசரி வெப்பநிலை சுமார் 94°. கே வெப்பநிலையோடு ஏறும். அறை வெப்பநிலையில் தந்த மதிப்பைப் போட்டால் இழப்பு குறைவாகத் தெரியும்.

இன்னொரு தவறு: உருளைக்குத் தட்டைச் சுவரின் சூத்திரத்தைப் போடுவது. 30 மி.மீ. ஆரத்துப் பரப்பை வைத்து அப்படிச் செய்தால் கம்பளியின் தடை 5.31 என்று வரும். உண்மை மதிப்பைவிட 57% அதிகம்.

கேள்வி: இன்சுலேஷன் போட்டால் சில சமயம் இழப்பு கூடும் என்கிறார்களே, அப்படியானால் மேலே உள்ள பைப்புக்கு ஆபத்து இல்லையா?

பதில்: இல்லை. இன்சுலேஷனின் வெளி ஆரம் நெருக்கடி ஆரத்தை எட்டும் வரைதான் இழப்பு கூடும், தாண்டினால் குறையும். உருளைக்கு நெருக்கடி ஆரம் என்பது இன்சுலேஷனின் கே-யை வெளி ஹெச்-ஆல் வகுத்தது. 0.04/10 = 4 மி.மீ. உங்கள் பைப்பின் ஆரமே 30. மெல்லிய மின்கம்பியில்தான் இது வேலை செய்யும்: பி.வி.சி.க்கு கே சுமார் 0.16, நெருக்கடி ஆரம் 16 மி.மீ. ஒரு மி.மீ. ஆரமுள்ள கம்பிக்கு உறை போட்டால் அது கூடுதலாகக் குளிரும், நல்லதுதான். கோளமாக இருந்தால் இரு மடங்கு: 2 கே/ஹெச்.

கேள்வி: பயாட் எண், நஸ்ஸல்ட் எண் இரண்டுமே ஹெச் × நீளம் / கே. அப்புறம் ஏன் இரண்டு பெயர்?

பதில்: கே வேறு. பயாட் எண்ணில் திடப்பொருளின் கே, நஸ்ஸல்ட் எண்ணில் பாய்மத்தின் கே. முதலாவது, பொருளின் உள்ளே வெப்பநிலை சீராக இருக்கிறதா என்று சொல்கிறது. இரண்டாவது, ஹெச்-ஐயே கண்டுபிடிக்க உதவுகிறது.

20 மி.மீ. விட்டமுள்ள கார்பன் ஸ்டீல் குண்டு காற்றில் குளிர்கிறது, ஹெச் 100 என்று எடுங்கள். கனஅளவு/பரப்பு என்பது ஆரத்தில் மூன்றில் ஒன்று, 3.33 மி.மீ. பயாட் எண் 0.0067. பொருள் முழுவதும் ஒரே வெப்பநிலை என்று வைக்கும் முறைக்கு எல்லை 0.1, அதற்கு வெகு கீழே. இங்கே தைரியமாக அப்படி வைக்கலாம். கால மாறிலி (எவ்வளவு வேகமாகக் குளிர்கிறது என்பதைக் காட்டும் நேரம்) = அடர்த்தி × தன்வெப்பம் × 3.33 மி.மீ. / ஹெச் = 7850 × 480 × 0.00333/100, சுமார் 126 விநாடி. அதைப்போல் ஐந்து மடங்கு நேரத்தில் வித்தியாசத்தில் 1%-க்கும் குறைவாகவே மிஞ்சும்.

அதே குண்டை ஹெச் 5000 இருக்கும் நீரில் போட்டால் பயாட் எண் 0.33. இந்த முறை செல்லாது. தொடர் விடையோ (முடிவிலாத் தொடராக எழுதும் விடை), அதிலிருந்து வரைந்த வரைபடமோ வேண்டும். வரைபடத்துக்குப் போகும்போது கவனம்: அங்கே பயாட் எண்ணில் முழு ஆரத்தைப் போட வேண்டும், மூன்றில் ஒன்றை அல்ல.

கேள்வி: 25 மி.மீ. குழாயில் 1.5 மீ/வி. வேகத்தில் 40° சராசரி நீர், சூடாக்கப்படுகிறது. டிட்டஸ்-போல்ட்டர் சூத்திரத்தில் (குழாய்க்குள் கொந்தளித்து ஓடும் பாய்மத்தின் ஹெச் தருவது) ஹெச் 6660 வந்தது. நண்பருக்கு அதே வேலைக்கான நீலின்ஸ்கி சூத்திரத்தில் 7560. யார் சொல்வது சரி?

பதில்: இரண்டு பேரும் சரியாகப் போட்டிருக்கிறீர்கள். ரெனால்ட்ஸ் எண் (ஓட்டம் எவ்வளவு கொந்தளிப்பானது என்று காட்டுவது) 57,000, பிரான்டில் எண் (பாய்மத்தின் பாகுத்தன்மைப் பரவலுக்கும் வெப்பப் பரவலுக்கும் உள்ள விகிதம்) 4.34, இரண்டு சூத்திரங்களின் எல்லைக்குள்ளும் இருக்கிறது. 13% வித்தியாசம் இயல்பு. டிட்டஸ்-போல்ட்டரில் 25% வரை பிழை வரலாம். நீலின்ஸ்கி சுமார் 10%. வடிவமைப்புக்கு நீலின்ஸ்கியை எடுங்கள். ரெனால்ட்ஸ் எண் 3000-க்கும் 10,000-க்கும் நடுவே இருந்தால் வேறு பேச்சே வேண்டாம், டிட்டஸ்-போல்ட்டரைத் தொடாதீர்கள். விடையை 6658.73 என்று எழுதுவதில் பொருளில்லை.

கேள்வி: சார், காற்றுக்கு ஹெச் எவ்வளவு?

பதில்: தானாக ஓடும் காற்றுக்குச் சுமார் 5 முதல் 25, விசிறி வைத்தால் 25 முதல் 250. இது விடையைச் சரிபார்க்க. கணக்கில் போட அல்ல.

கேள்வி: தண்ணீருக்கு ஹெச் எவ்வளவு?

பதில்: குழாய்க் கேள்வியைப் பாருங்கள். ஹெச் பொருளின் பண்பு அல்ல. வேகம், வடிவம், வெப்பநிலை எல்லாம் சேர்ந்து தருவது.

கேள்வி: 30 செ.மீ. உயரமுள்ள செங்குத்துத் தகடு, பெயின்ட் அடித்தது, பரப்பு 60°, காற்று 25°. சர்ச்சில்-சூ சூத்திரத்தில் (செங்குத்துத் தகட்டில் தானாக எழும் காற்றோட்டத்துக்கானது) ஹெச் 7.1 கிடைத்தது. சரியா?

பதில்: காற்றின் விரிவுக் கெழுவுக்கு (ஒரு டிகிரிக்கு எவ்வளவு விரியும் என்பது; 1/வெப்பநிலை) 1/42.5 போட்டிருக்கிறீர்கள். கெல்வினில் போட வேண்டும், 1/315.5. ரேலே எண் (சூட்டால் தானாக எழும் காற்றோட்டத்தின் வலிமையைக் காட்டுவது) 7.4 மடங்கு ஏறிவிட்டது. சரியாகப் போட்டால் ரேலே எண் 6.8 × 10⁷, நஸ்ஸல்ட் எண் 47, ஹெச் 4.3. பண்புகளை 42.5° ஃபிலிம் வெப்பநிலையில் (பரப்பு, காற்று இரண்டின் சராசரி) எடுத்தது சரி. ஆனால் கதிர்வீச்சை விட்டுவிட்டீர்கள்.

மறுப்பு: ஐயா, 60° தானே? கதிர்வீச்சு நூற்றுக்கணக்கான டிகிரிக்கு மேல்தான் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். அது கெல்வின் வெப்பநிலையின் நான்காம் படியில் ஏறுவது என்பதால் தாழ்ந்த வெப்பநிலையில் ஒன்றுமில்லை.

பதில்: கணக்கே பேசட்டும். 333 கெ., சுற்றுச்சுவர் 298 கெ., பெயின்ட்டின் உமிழ்திறன் (முழுமையாக உமிழும் கரும்பொருளோடு ஒப்பிட்டால் எவ்வளவு பங்கு) 0.9. கதிர்வீச்சுக்கான ஹெச் = 0.9 × 5.67 × 10⁻⁸ × (333² + 298²) × (333 + 298) = 6.4. சலனத்தின் ஹெச் 4.3. சதுர மீட்டருக்குச் சலனத்தில் 152 வாட், கதிர்வீச்சில் 225. நீங்கள் ஒன்றுமில்லை என்று விட்டது மொத்தத்தில் 60%.

நான்காம் படி என்பது உண்மை. ஆனால் 300 கெல்வினே சிறிய எண் இல்லை. அறை வெப்பநிலையிலேயே கரும்பொருளுக்கு இது 6 வாட்/மீ²·கெ. வருகிறது. இயல்புச் சலனமும் (விசிறி இல்லாமல் தானாக எழுவது) அதே அளவில்தான் இருக்கிறது. எதோடு ஒப்பிடுகிறோம் என்பதுதான் கேள்வி.

மறுப்பு: அப்படியானால் விசிறி வைத்த ஹீட்சிங்க் (மின்னணுப் பாகத்தின் சூட்டைக் காற்றுக்குக் கடத்தும் உலோகத் துண்டு) கணக்கில் யாருமே கதிர்வீச்சைச் சேர்ப்பதில்லையே?

பதில்: அங்கே சேர்க்க வேண்டியதில்லை. ஹெச் 50 இருந்தால் 6.4 என்பது மொத்தத்தில் சுமார் 11%; சூத்திரத்தின் பிழைக்குள் மறைந்துவிடும். விசிறி இல்லாதபோதுதான் ஆபத்து. பளபளப்பான அலுமினியத்தின் உமிழ்திறன் 0.05 என்றால் 6.4 என்பது 0.36 ஆகிவிடும். மேலே கணக்கிட்ட தகட்டைப் பெயின்ட் இல்லாமல் மெருகேற்றினால், 60°-இல் வெளியேறும் வெப்பம் பாதிக்கும் கீழே போய்விடும்.

மூன்றாமவர்: அப்படியானால் ஃபின்கள் (பரப்பைக் கூட்ட நீட்டிய மெல்லிய தகடுகள்) நெருக்கமாக உள்ள ஹீட்சிங்கைக் கறுப்பாக்கினால், ஃபின் பரப்பு பத்து மடங்கு என்பதால் கதிர்வீச்சும் பத்து மடங்கா?

பதில்: இல்லை, நல்ல கேள்வி. ஃபின்கள் ஒன்றையொன்று பார்க்கின்றன. ஒன்று உமிழ்வதை எதிரே உள்ளது உறிஞ்சிவிடும். ஹீட்சிங்கைச் சுற்றி ஒரு பெட்டி வரைந்தால் அதன் வெளிப்பரப்பு எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவுதான் கதிர்வீச்சுக்குக் கணக்கு. சலனத்துக்கு மட்டுமே ஃபினின் முழுப் பரப்பு, அதையும் ஃபின் திறனால் (ஃபின் முழுவதும் அடிப்பகுதியின் வெப்பநிலையில் இருந்தால் கடத்துவதில் உண்மையில் கடத்தும் பங்கு) பெருக்க வேண்டும்.

மறுப்பு: ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பரீட்சையில் ஹெச் 10 என்று கொடுத்திருந்தால்?

பதில்: கொடுத்ததைப் போடுங்கள். அதில் இரண்டும் சேர்ந்திருப்பதாக எடுத்துக்கொள்ளலாம். தனியாகக் கதிர்வீச்சைச் சேர்த்தால் இருமுறை எண்ணியதாகிவிடும்.

கேள்வி: சார், என் கணக்கில் காற்றின் ஹெச் எவ்வளவு எடுப்பது?

பதில்: மேலே இருக்கிறது. வடிவமும் வெப்பநிலையும் இல்லாமல் வரும் இந்தக் கேள்விக்கு இனிப் பதில் இல்லை.

கேள்வி: ஸ்டீல் தகட்டில் ஒருபரிமாண நிலைமாறு கடத்தலை (நேரத்தோடு வெப்பநிலை மாறுவது) எக்ஸ்ப்ளிசிட் முறையில் (முந்தைய படியின் மதிப்புகளிலிருந்து அடுத்ததை நேரடியாகக் கணக்கிடுவது) புரோகிராம் எழுதினேன். புள்ளி இடைவெளி 5 மி.மீ., காலப்படி 2 விநாடி. சில படிகளுக்குள் வெப்பநிலை மேலும் கீழும் குதித்து எங்கோ போய்விடுகிறது.

பதில்: புரோகிராமில் பிழை இருக்க வேண்டிய அவசியமில்லை, காலப்படிதான் பெரிது. உள்புள்ளிகளுக்கு ஃபூரியே எண் (வெப்பப் பரவல் கெழு × காலப்படி / புள்ளி இடைவெளியின் வர்க்கம்) 0.5-ஐத் தாண்டக்கூடாது. ஸ்டீலின் வெப்பப் பரவல் கெழு 1.33 × 10⁻⁵ மீ²/வி.; 5 மி.மீ.க்கு அதிகபட்சப் படி 0.94 விநாடி. சலனம் உள்ள எல்லைப்புள்ளியில் நிபந்தனை இன்னும் இறுக்கம்: ஃபூரியே எண் × (1 + பயாட் எண்) ≤ 0.5, பயாட் எண் இங்கே புள்ளி இடைவெளியை வைத்து. 0.8 விநாடி போட்டு ஓட்டுங்கள். இடைவெளியைப் பாதியாக்கினால் காலப்படி கால் பங்காக வேண்டும்; அது தாங்காவிட்டால் இம்ப்ளிசிட் முறைக்கு (அடுத்த படியின் எல்லா மதிப்புகளையும் ஒன்றாகத் தீர்ப்பது) மாறுங்கள். அதோடு கே-யையும் தன்வெப்பத்தையும் எந்த வெப்பநிலையில் எடுத்தீர்கள் என்று நீங்களும் எழுதவில்லை.