சுக்கானியிடம் கேளுங்கள்

கேள்வி: ஐயா, போர்க்காலத்தில் துறைமுக வாயிலில் கண்ணிவெடி போடுவார்கள் என்று படித்தேன். அப்படியென்றால் சொந்தக் கப்பல்கள் எப்படி உள்ளே வரும்? வழிகாட்டும் பைலட்டுக்குக் கண்ணி தெரியுமா?
- கல்லூரி மாணவி, மன்னார்குடி

தெரியாதம்மா. பழைய வகைக் கண்ணி, தண்ணீருக்குச் சில அடி கீழே பெரிய இரும்புக் குடம் மாதிரி நிற்கும். தரையில் கனமான இரும்பு, அதிலிருந்து மேலே வரும் கம்பிவடம், மேல்புறம் ஈயக் கொம்புகள். கப்பல் உரசினால் கொம்பு வளையும். உள்ளே இருக்கும் கண்ணாடிக் குழாய் உடைந்து அமிலம் கொட்டும். அதில் மின்சாரம் பிறந்து வெடிக்கும்.

சொந்தக் கண்ணி என்றால் நடுவில் ஒரு சந்து விட்டுத்தான் போடுவார்கள். அது எங்கே என்று பைலட்டுக்கும் கடற்படைக்கும் மட்டும் தெரியும். எதிரி போட்டுவிட்டுப் போனதென்றால் முதலில் வார வேண்டும். கண்ணிவாரிக் கப்பல், வெட்டுக்கத்தி வைத்த கம்பியை இழுத்துக்கொண்டு போகும். வடம் அறுந்து கண்ணி மேலே வந்ததும் துப்பாக்கியால் சுட்டு ஒழிப்பார்கள். இரண்டு உலகப் போரிலும் பிரிட்டன் இந்த வேலைக்கு மீன்பிடிப் படகுகளையும் மீனவர்களையும்தான் நிறையச் சேர்த்தது. கனத்த கம்பியைக் கடலில் இழுத்துப் பழகியவர்கள் வேறு யார் இருக்கிறார்கள்? வாரி முடித்த பாதையின் ஓரத்தில் கொடி கட்டிய மிதவைகளை வரிசையாக விடுவார்கள். நம் ஆட்கள் வலை கிடக்கும் இடத்தில் மூங்கில் கொடி விடுகிறார்களே, கிட்டத்தட்ட அதே சங்கதி.

பைலட்டின் வேலை கண்ணியைத் தேடுவது இல்லை, வாரிய பாதையிலிருந்து விலகாமல் இருப்பது. கரையில் முன்னும் பின்னுமாக இரண்டு அடையாளங்களைப் பிடித்துக்கொள்வார். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிந்தால் கப்பல் பாதையில் இருக்கிறது, விலகித் தெரிந்தால் நீரோட்டம் ஒதுக்கிவிட்டது. என் சித்தப்பா கட்டுமரத்தில் நாகூர் தர்கா பெரிய மினாரையும் அதற்கு முன்னால் நின்ற ஒரு பனையையும் வைத்து இதையேதான் செய்தார். பனை விழுந்த வருஷம் அவர் போட்ட கூச்சல் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

நான் நேரில் பார்த்தது 1973இல், வங்கதேசத்துச் சிட்டகாங் துறைமுகத்தில். 1971 போர் முடிந்தபோது கர்ணபூலி ஆற்று முகத்துவாரமும் துறைமுகமும் கண்ணிகளும் மூழ்கிய கப்பல்களுமாகக் கிடந்தன. 1972 ஏப்ரலில் சோவியத் கடற்படை வந்து வாரத் தொடங்கி, 1974 ஜூன் வரை இருந்தது. அவர்களில் ஓர் இளம் மாலுமி அங்கேயே இறந்து பதெங்காவில் அடக்கமானார்.

நாங்கள் போனபோது சுக்கான் என் கையில். கேப்டன் இன்ஜின் ரூமில் இருந்தே ஆக வேண்டியவர்களைத் தவிர எல்லாரையும் மேல்தட்டுக்கு வரச் சொன்னார், உயிர்காப்பு உடையோடு. பண்டாரி, அதாவது கப்பல் சமையல்காரர், கையில் பிசைந்த மாவோடு ஏறி வந்து, அதைத் துடைக்கவும் மறந்து நின்றார். தண்ணீர் நம் கொள்ளிடத்து வெள்ளம் மாதிரி செம்மண் நிறம், ஒரு சாண் ஆழம் தெரியாது. வங்காளி பைலட் தண்ணீரைப் பார்க்கவே இல்லை. கண் கரையில், வாயில் "ஸ்டார்போர்டு ஃபைவ்" (சுக்கான் வலப்பக்கம் ஐந்து டிகிரி), "மிட்ஷிப்" (சுக்கான் நடுவுக்கு), "ஸ்டெடி" (இதே திசையில் பிடி). நானும் திருப்பிச் சொல்லிக்கொண்டே திருப்பினேன். உள்ளே நங்கூரம் போட்ட பிறகுதான் சட்டை முதுகில் ஒட்டியிருப்பது தெரிந்தது.

இன்னொன்று, கடல்நீர் ஏற்றம் பார்த்துத்தான் நுழைவார்கள். வடத்தின் நீளம் மாறாது. அதனால் நீர் வற்றினால் கண்ணி மேல்மட்டத்துக்கு நெருங்கிவிடும், ஏறினால் ஆழத்தில் நிற்கும். நாகையில் ஏற்றவற்றம் முழங்கால் அளவு, சிட்டகாங்கில் ஆளுயரத்துக்கும் மேலே.

கேள்வி: உரசாமலே வெடிக்கும் கண்ணி உண்டாமே?
- வாசகர், திருவாரூர்

உண்டு. இரும்புக் கப்பல் தலைக்குமேல் போகும்போது காந்தப்புலம் அசைவதை உணர்ந்து, தரையில் கிடந்தபடியே வெடிக்கும். 1939 நவம்பரில் ஜெர்மானிய விமானம் போட்ட அப்படி ஒன்று, தேம்ஸ் முகத்துவாரத்துச் சேற்றில் வெடிக்காமல் சிக்கியது. அதைப் பிரித்துப் பார்த்துத்தான் சூட்சுமம் கண்டுபிடித்தார்கள். அதன்பிறகு கப்பலைச் சுற்றி மின்கம்பி ஓட்டிக் காந்தத்தைக் குறைத்தார்கள். கண்ணிவாரிகளை மரத்தில் கட்டினார்கள். 1950களில் நம் கடற்படைக்கு வந்த மர உடல் கண்ணிவாரிகளில் ஒன்றின் பெயர் 'கடலூர்'.

கேள்வி: நம் பக்கத்துக் கடலில் யாராவது போட்டார்களா?
- வாசகர், காரைக்கால்

எல்லாரும் எம்டனைத்தான் சொல்வார்கள். அது 1914இல் சென்னையில் குண்டு போட்டது. கண்ணி போட்டது 'வோல்ஃப்' என்ற இன்னொரு ஜெர்மானியக் கப்பல், 1917 பிப்ரவரியில், கொழும்புக்கும் பம்பாய்க்கும் வெளியே. சரக்குக் கப்பல் வேடத்தில் திரிந்தது அது. கொழும்புக்கு எதிரே அந்த மாதமே 'வொர்செஸ்டர்ஷையர்' என்ற கப்பல் அதில் சிக்கி மூழ்கியது.

கேள்வி: வலையில் உருண்டையாகத் துருப்பிடித்த இரும்பு ஏதாவது வந்தால்?
- விசைப்படகு டிரைவர், வேதாரண்யம்

தட்டிப் பார்க்காதீர்கள் தம்பி, பழைய இரும்புக்கு என்ன விலை வரும் என்றும் யோசிக்காதீர்கள். படகில் ஏற்றாமல் வலையை அறுத்து விடுங்கள், ஜி.பி.எஸ்.ஸில் இடத்தைக் குறித்துக்கொண்டு விலகுங்கள். அப்புறம் கடலோரக் காவல்படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்புப் போலீசுக்கு 1093.