வாசகர் கேள்வி - பதில்: கால் நிமிடத் தோட்டா

கேள்வி: 1940 பிரிட்டன் வான்போரை வைத்துச் சிறுகதை எழுதியிருக்கிறேன். நாயகன் தன் ஸ்பிட்ஃபயர் என்ற பிரிட்டிஷ் போர் விமானத்தில் நான்கு எதிரி விமானங்களை நெடுநேரம் சுட்டு விரட்டுகிறான். படித்த நண்பர் "நம்பும்படி இல்லை" என்கிறார். எங்கே பிசகு?

பதில்: 'நெடுநேரம்' என்ற சொல்லில்தான். அன்றைய ஸ்பிட்ஃபயரில் இறக்கைக்கு நான்காக எட்டு பிரௌனிங் இயந்திரத் துப்பாக்கிகள். ஒவ்வொன்றுக்கும் 300 தோட்டா. ஒரு துப்பாக்கி நிமிடத்துக்குச் சுமார் 1,150 தோட்டா சுடும். பொத்தானை அழுத்தியே பிடித்தால் கால் நிமிடத்தில் எல்லாம் காலி. அதனால் இரண்டு மூன்று நொடிகளாகத்தான் சுடுவார்கள். உங்கள் நாயகனுக்குக் கிடைப்பது ஐந்தாறு வாய்ப்பு, அவ்வளவே. ஒவ்வொரு அழுத்தலையும் கணக்கில் கழித்துக்கொண்டே எழுதுங்கள். நான்காவது விமானத்துக்குப் போகும்போது கையிருப்பு என்னவென்று வாசகருக்கே தெரிந்திருக்கும்.

தூரமும் முக்கியம். இறக்கைத் துப்பாக்கிகள் முன்னால் ஒரு புள்ளியில் குவியும்படி திருப்பி வைக்கப்பட்டிருக்கும். முதலில் அது 400 கெஜமாக இருந்தது. அனுபவப்பட்ட விமானிகள் 250 கெஜத்துக்குக் குறைத்துக்கொண்டார்கள். அந்தத் தூரத்தில் ஜெர்மன் போர் விமானமான மெஸ்ஸர்ஷ்மிட் 109, நீட்டிய கையின் கட்டைவிரல் அகலத்தைவிடச் சற்றுப் பெரிதாகத் தெரியும். அதற்கும் வெகு தொலைவில் சுட்டால் தோட்டாக்கள் சிதறிப் போகும். புதியவர்கள் செய்த தவறே அதுதான். உங்கள் கதையில் யாராவது அதைச் செய்யட்டும்.

இன்னொன்று: தூசியும் பனியும் புகாமலிருக்கத் துப்பாக்கித் துளைகளின் மேல் சிவப்புத் துணி ஒட்டியிருப்பார்கள். முதல் தோட்டா அதைக் கிழித்துவிடும். திரும்பி வரும் விமானத்தில் காற்று அந்தத் துளைகளில் நுழைந்து விசிலடிக்கும். விமானி வாய் திறக்கும் முன்பே தரைப் பணியாளர்களுக்குச் சேதி தெரிந்துவிடும். வசனம் தேவைப்படாத காட்சி, விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: எதிரி சட்டென்று கீழே பாய்கிறான். நாயகனும் மூக்கைத் தாழ்த்தித் துரத்துகிறான். இது சரியா?

பதில்: 1940-இல் என்றால் நாயகனின் இஞ்சின் இருமும். ஸ்பிட்ஃபயரின் மெர்லின் இஞ்சினில் பெட்ரோலைக் காற்றோடு கலந்து அனுப்பியது மிதவைக் கார்புரேட்டர். மூக்கைத் திடீரெனத் தாழ்த்தினால் பெட்ரோல் மேலே எழும்பி, இஞ்சினுக்குப் போகாமல் நின்றுவிடும். அடுத்து அளவுக்கு மீறிப் பாய்ந்து கரும்புகை தள்ளும். ஜெர்மன் இஞ்சினில் எரிபொருளை நேரடியாகப் பீய்ச்சியதால் இந்தத் தொல்லை இல்லை. அவர்கள் பாய்ந்து தப்பியதே இதை நம்பித்தான்.

எனவே நாயகன் முதலில் விமானத்தைத் தலைகீழாகப் புரட்டி, பிறகு விமானத்தைத் திருப்பும் கம்பைத் தன் வயிற்றை நோக்கி இழுக்க வேண்டும். இழுக்கும்போது ரத்தம் தலையிலிருந்து இறங்கும்: முதலில் நிறங்கள் வெளிறும், பார்வையின் ஓரங்கள் சுருங்கும், பிறகு இருட்டு. கண் இருண்ட பிறகும் சிறிது நேரம் நினைவு இருக்கும். இஞ்சின் சத்தம் காதில் விழும். நேரே மயக்கத்துக்குத் தாவிவிடாதீர்கள்.

கதை 1941-இன் பிற்பகுதியில் நடந்தால் இந்த இருமலைக் குறைத்து எழுதலாம். பியாட்ரிஸ் ஷில்லிங் என்ற பொறியாளர் வடிவமைத்த, பெட்ரோல் அளவுக்கு மீறிப் பாயாமல் தடுக்கும், நடுவில் துளையிட்ட சிறு தகடு அந்த ஆண்டில்தான் இஞ்சின்களில் பொருத்தப்பட்டது.

கேள்வி: கழுத்தில் பட்டுத்துணி கட்டுவது வெறும் மிடுக்குக்காகவா?

பதில்: பின்னால் யார் வருகிறார்கள் என்று ஓயாமல் தலையைத் திருப்பினால் சட்டைக் காலர் கழுத்தை அறுக்கும். அதற்காக. மிடுக்கும் உண்டுதான்.

கேள்வி: ஜெர்மன் விமானியை நாயகனாக்கினால் பதற்றத்தை எங்கிருந்து கொண்டுவருவது?

பதில்: பெட்ரோல் முள்ளிலிருந்து. பிரான்ஸிலிருந்து கிளம்பிய மெஸ்ஸர்ஷ்மிட் 109 லண்டன் மேல் ஏறத்தாழ பத்து நிமிடம்தான் சண்டையிட முடியும். பெட்ரோல் குறைந்தால் எச்சரிக்கை விளக்கு சிவப்பாக எரியும். திரும்பும் வழியில் கீழே இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் நடுவிலுள்ள கால்வாய்க் கடல். அந்த விளக்கை எந்தப் பத்தியில் எரிய விடுகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். சண்டையை அதற்கேற்ப அமைத்துக்கொள்ளலாம்.