பொம்மை கொஞ்சம் அசடாக இருக்கட்டும்

ராயபுரத்தைச் சேர்ந்த பொம்மலாட்டக் கலைஞர் ஒருவர், வடசென்னைப் பள்ளிகளில் பொம்மைகளை வைத்துப் பாடம் நடத்துபவர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

அக்கா, நான் காசிமேட்டில் அங்கன்வாடி டீச்சர். நாலு வயசுப் பையன் ஒருத்தன் வகுப்பில் வாயே திறப்பதில்லை. பொம்மை உதவுமா?

பெரும்பாலும் உதவும். ஆனால் பொம்மையை "உன் பேர் என்ன?" என்று கேட்க வைக்காதீர்கள். அது டீச்சர் கேட்கிற கேள்வி, அவன் இன்னும் இறுக்கமாகத்தான் மூடிக்கொள்வான். பொம்மை அவனைவிட அசடாக இருக்க வேண்டும். நண்டுப் படத்தைக் காட்டி, "ஐ, வஞ்சிரம்!" என்று அது குதிக்கட்டும். காசிமேட்டுப் பிள்ளையால் அதைப் பொறுத்துக்கொள்ள முடியாது. முதல் நாள் வெறும் தலையாட்டல் வந்தாலே போதும், "சொல்லு, சொல்லு" என்று அவசரப்படுத்தாதீர்கள்.

கை வேலையைப் பொறுத்தவரை, பேசுகிற பொம்மை மட்டும்தான் அசைய வேண்டும், கேட்கிற பொம்மை சும்மா இருக்கட்டும். உங்கள் கண் எப்போதும் பொம்மையின் மேல் இருக்கட்டும்; நீங்கள் பார்க்கிற இடத்தைத்தான் குழந்தையும் பார்க்கும். உங்கள் உதடு அசைவது தெரிந்தால் ஒன்றும் குடி முழுகிப் போகாது. அப்புறம், பையன் வீட்டிலும் பேசுவதில்லை என்றால் டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். அதைப் பொம்மையிடம் விட்டுவிடக் கூடாது.

எந்தக் கடையில் பொம்மை வாங்கலாம்?

வாங்கவே வேண்டாம். ஒற்றையாகிப் போன சாக்ஸும் தையல் கடை வெட்டுத்துணியும் போதும். எம்.சி. ரோடு பக்கத்தில் இருந்துகொண்டு துணிக்கா பஞ்சம்? சின்னப் பிள்ளைகள் இருந்தால் கண்ணுக்குப் பட்டன் வைக்காதீர்கள், பிய்த்து வாயில் போட்டுக்கொள்வார்கள். நூலால் தைத்துவிடுங்கள்.

பெரம்பூரில் கல்லூரி மாணவன். மரபான பொம்மலாட்டம் கற்றால்தான் இந்தத் துறைக்கு வர முடியுமா?

கற்காமலும் வரலாம், பார்க்காமல் வராதீர்கள். கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கத்து மரப்பாவைகள் நாலரை அடி உயரம், பத்து கிலோ எடை வரை இருக்கும். கயிறுகளை ஓர் இரும்பு வளையத்தில் கட்டி, அதைக் கலைஞர் தலையில் மாட்டிக்கொள்வார். கைகளைக் கம்பியால் இயக்குவார். அதாவது பாவையின் பாரம் முழுக்க அவர் கழுத்தில். கதைக்கு முன்னால் விநாயகர் பூசை, கோமாளி என்று தனி வரிசையே உண்டு; பிள்ளைகளை எப்படிப் பிடித்து உட்கார வைப்பது என்பதை நான் அந்தக் கோமாளியிடம்தான் கற்றேன். ஆட்டுத்தோல் பாவைகளைத் திரைக்குப் பின்னால் விளக்கு வைத்து ஆட்டும் தோல்பாவைக்கூத்து வேறு கலை. வகுப்பறைக்குக் கையுறைப் பொம்மை தாராளம்.

இதில் பிழைக்க முடியுமா?

நிகழ்ச்சியை மட்டும் நம்பினால் கஷ்டம். நவம்பர் 14 வாரத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் கூப்பிடுவார்கள், ஜூனில் ஒருத்தரும் கூப்பிட மாட்டார்கள். ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பதில்தான் வீடு ஓடுகிறது.

வியாசர்பாடியிலிருந்து ஓர் அப்பா. பொம்மை "இன்னாபா" என்று பேசினால் பிள்ளை கெட்டுப்போகாதா?

வீட்டில் நீங்கள் எப்படிப் பேசுகிறீர்கள் சார்? என்னிடம் ஒரு பொம்மை சென்னைப் பாஷை பேசும், இன்னொன்று பாடப்புத்தகத் தமிழ் மட்டும் பேசும். ஒன்று பேசுவது மற்றதற்குப் புரியாது. நடுவில் பிள்ளைகள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். இரண்டு தமிழும் அவர்களுக்குத் தானாகப் பழகிவிடும்.

வகுப்பில் நாற்பது பேர். எல்லாருமே ஆட்ட வேண்டும் என்று அடம்பிடிக்கிறார்களே?

ஆளுக்கொரு காகித உறையில் முகம் வரையச் சொல்லுங்கள். ஜன்னல் கம்பியில் கயிறு கட்டிப் பழைய சேலையைப் போட்டால் மேடை தயார். சேலைக்குப் பின்னால் ஒரே நேரத்தில் மூன்று பேருக்கு மேல் விடாதீர்கள், கயிறு அறுந்துவிடும்.