டிக்கெட் தருகிறார்கள், நிற்கலாமா?

கேள்வி: மொரீஷியஸின் ரோஸ் ஹில் ஊரில் வழக்கறிஞராக இருக்கிறேன். கரும்புத் தோட்ட வேலையிலிருந்து விருப்ப ஓய்வில் வந்தவர்களின் நிலப் பிரச்சினைகளுக்கும், கோயில் சங்கங்களுக்கும் காசு வாங்காமல் வாதாடி வருகிறேன். இப்போது ஒரு கட்சி தேர்தலில் நிற்கக் கூப்பிடுகிறது. "நம்ம ஆளு ஒருத்தர் பார்லிமெண்டில் வேணும்" என்கிறார்கள் சங்கத்துப் பெரியவர்கள். மனைவிக்குத் துளியும் இஷ்டமில்லை. நிற்கலாமா அக்கா?

பதில்: நில்லுங்கள் தம்பி. ஆனால் பெரியவர்கள் சொல்லும் காரணத்துக்காக வேண்டாம்.

தமிழர் ஓட்டே போதும் என்று அவர்கள் போடும் கணக்கு நம் தேர்தலுக்கு ஒத்துவராது. மொரீஷியஸ் தீவில் 20 தொகுதிகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று உறுப்பினர்கள். வாக்காளர் மூன்று பேருக்குக் குறியிட்டே ஆக வேண்டும். உங்கள் பெயருக்கு மட்டும் குறியிட்டால் அந்தச் சீட்டு செல்லாது. உங்கள்மேல் உயிரையே வைத்திருக்கும் பாட்டிகூட இன்னும் இரண்டு பேரைத் தேடித்தான் ஆக வேண்டும். உங்களைப் பார்த்தே இராத கிரியோல் டீச்சரும் முஸ்லிம் கடைக்காரரும் மூன்றில் ஒரு குறியை உங்களுக்குத் தந்தால்தான் நீங்கள் கரையேற முடியும். அதனால் கட்சியிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அதே தொகுதியில் கட்சி சார்பில் உங்களோடு நிற்கும் மற்ற இருவர் யார் என்பது. அவர்களோடு ஒரே மேடையில் கூச்சமில்லாமல் நிற்க முடியுமா என்று பாருங்கள். தமிழருக்கு ஒன்று என்று ஒதுக்கிய இடமா, உங்கள் வேலையைப் பார்த்துத் தந்த இடமா என்பதையும் கேளுங்கள். மழுப்புவார்கள். நிலப் பிரச்சினையைக் கூட்டங்களில் பேச விடுகிறார்களா என்பதில் உண்மை தெரிந்துவிடும்.

பெரியவர்கள் நம் நாட்டு 100 ரூபாய் நோட்டைப் பெருமையாகக் காட்டியிருப்பார்களே! அதில் படமாக இருக்கும் தமிழர் ரங்கநாதன் சீனிவாசனும் வழக்கறிஞர்தான். ஆனால் அவர் இருந்தது தொழிற்கட்சியில், சாதிச் சங்கத்தில் அல்ல.

வேட்புமனுவில் சமூகத்தைக் குறிப்பிடும் இடம் ஒன்று வரும். அங்கே தமிழர் என்று தனிப் பிரிவு கிடையாது, சட்டப்படி இந்துக்களில் அடக்கம். சமூகங்களின் பங்கைச் சரிக்கட்டத் தோற்றவர்களில் சிலருக்குத் தரும் 'பெஸ்ட் லூசர்' இடங்களை நம்பி இறங்காதீர்கள். அதிகபட்சம் எட்டு இடங்கள், அதுவும் 1972 கணக்கெடுப்பை வைத்துப் பங்கிடுவது. சமூகத்தைச் சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் தவறு என்று ஐ.நா. மனித உரிமைக் குழு 2012-இல் சொன்னது. 2014 தேர்தலுக்கு மட்டும் விலக்கு தந்தார்கள். உள்ளே போனால் நீங்கள் கையில் எடுக்கத் தக்க வழக்கு இது.

உங்களுக்கோ, நீங்கள் பங்குதாரராக இருக்கும் அலுவலகத்துக்கோ அரசாங்கத்தோடு ஒப்பந்தம் ஏதாவது உண்டா? இருந்தால் மனுத்தாக்கல் முடிந்து 14 நாளுக்குள் அரசிதழிலும் தொகுதியில் புழங்கும் ஒரு பத்திரிகையிலும் அதை அறிவித்துவிடுங்கள். தவறினால் தகுதியே போய்விடும். வக்கீல்களே கோட்டைவிடும் இடம் என்பதால் சொல்கிறேன்.

மனைவி விஷயத்துக்கு வருகிறேன். இத்தனை வருஷம் இலவச வழக்குகளின் செலவைத் தாங்கியது அவர்தான் என்று நினைக்கிறேன். தோற்றால் வீட்டுச் செலவுக்கு என்ன வழி, பாதியில் நிற்கும் வழக்குகளை யார் பார்ப்பது என்று அவர் கேட்பார். தாளில் எழுதிக் காட்டும் அளவுக்குப் பதில் இல்லையென்றால் இந்த முறை விட்டுவிடுங்கள். ஐந்து வருஷத்தில் இன்னொரு தேர்தல் வரும்.