15 நாளில் ஒரு பண்டிகைப் படம்: எதிலிருந்து தொடங்குவது?

கேள்வி: மூன்று குறும்படங்கள் எடுத்திருக்கிறேன். இப்போது முதல் முழுநீளப் படம். பண்டிகைக்காக ஒரே வீட்டில் கூடும் குடும்பத்தின் கதை, இரண்டு நாளில் நடப்பது. எட்டுப் பாத்திரங்கள், அதில் இருவர் குழந்தைகள். திரைக்கதை 110 பக்கம். கையில் இருக்கும் பணத்துக்கு 15 நாள்தான் படப்பிடிப்பு. நான் எதிலிருந்து தயாராவது?

பதில்: முதலில் 110-ஐ 15-ஆல் வகுத்துப் பாருங்கள். நாளுக்கு ஏழு பக்கத்துக்கு மேல் வருகிறது. வழக்கமான திரைக்கதை வடிவத்தில் ஒரு பக்கம் என்பது திரையில் ஏறக்குறைய ஒரு நிமிடம். எட்டுப் பேர் ஒரே அறையில் இருக்கும் காட்சிகளை வைத்துக்கொண்டு தினமும் ஏழு நிமிடம் எடுப்பது உங்களையும் நடிகர்களையும் நசுக்கிவிடும். 90 பக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். நாளுக்கு ஆறு பக்கம், கஷ்டம்தான், ஆனால் திட்டமிட்டால் முடியும். ஒரே ஒரு காட்சிக்காக வீட்டை விட்டு வெளியே போகும் பக்கங்கள் இருந்தால் அவற்றை முதலில் வெட்டிவிடுங்கள். யூனிட் ஒரு முறை இடம் மாறினாலே கட்டி, ஏற்றி, இறக்கி, மறுபடி லைட் வைப்பதற்குள் சில மணி நேரம் போய்விடும்.

அடுத்து சாப்பாட்டு மேசை. இந்த மாதிரிக் கதையில் அந்தக் காட்சி இல்லாமல் இருக்காது. உங்கள் முன்னேற்பாட்டில் பெரும்பங்கை அதற்கே கொடுங்கள். எட்டுப் பேர் சுற்றி உட்கார்ந்ததும் யார் எந்தப் பக்கம் பார்க்கிறார் என்கிற லுக் குழப்பம் வரும். தட்டில் எவ்வளவு மிச்சம், டம்ளர் எந்தக் கையில் என்று கண்டினியூட்டி, அதாவது ஷாட்டுக்கு ஷாட் எல்லாம் ஒத்துப்போவது, ஒரு பக்கம் இழுக்கும். எட்டுப் பேருக்கும் தனித்தனி குளோஸ்-அப் என்று ஆரம்பித்தால் அந்த ஒரு காட்சியே ஒரு நாளை விழுங்கிவிடும். அதனால், இது யாருடைய காட்சி என்று வீட்டில் உட்கார்ந்தே முடிவு செய்துவிடுங்கள். மூத்த மகள் வேலையை விட்டதை அம்மாவிடம் சொல்லும் இடம் என்றால், குளோஸ்-அப் அந்த இருவருக்கு மட்டும் போதும். மற்றவர்களை இரண்டு மூன்று பேராகச் சேர்த்து எடுக்கலாம். குழந்தைகள் சாப்பிட்டுவிட்டு ஓடிவிடுவதாக ஒரு வரி எழுதினால் எட்டுப் பேர் ஆறாகிவிடுவார்கள். முக்கியமான பேச்சைத் தட்டு காலியான பிறகு வைத்தால் சாப்பாட்டுக் கண்டினியூட்டியும் பெருமளவு தீர்ந்தது. திரைக்கதையும் இதில் கெடாது. சாப்பிட்டு முடித்த மேசையில்தான் குடும்பங்கள் மனம் விட்டுப் பேசுகின்றன.

குழந்தைகள் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் வேலை செய்யலாம் என்பதற்குப் பல இடங்களில் சட்டம் உண்டு. உங்கள் இடத்து விதியைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதை வைத்து ஷெட்யூல் போடுங்கள். அவர்களுடைய ஷாட்களை முதலில் முடித்து அனுப்பிவிடுங்கள். எதிரே நிற்கும் பெரியவரின் ஷாட்டில் குழந்தையின் வசனத்தை உதவி இயக்குநர் படித்தால் போதும்.

அப்புறம் வீட்டு அலங்காரம். கதையில் அது வெறும் சுவர், பாதி அலங்காரம், முழு அலங்காரம், மறுநாள் கலைந்த நிலை என்று மாறிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு நிலைக்கும் உரிய காட்சிகளைச் சேர்த்து எடுங்கள். நிலை மாறும் முன் எல்லா அறைகளையும் போட்டோ எடுத்து வைக்கவும். சீரியல் விளக்குகளை வாங்கியதும் உங்கள் கேமராவில் ஓட்டிப் பாருங்கள். மலிவான எல்இடி விளக்குகள் சிலவற்றின் துடிப்பு கண்ணுக்குத் தெரியாது, கேமராவில் தெரியும். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்றால் கேமராவின் ஷட்டர் வேகத்தை 1/50 விநாடியிலும், 60 ஹெர்ட்ஸ் என்றால் 1/60 விநாடியிலும் வைத்தால் பெரும்பாலும் அடங்கும். அடங்காத விளக்கை மாற்றத்தான் வேண்டும். வீட்டுக்குள் நடக்கும் இரவுக் காட்சிகளை, ஜன்னலுக்கு வெளியே கறுப்புத் துணி கட்டிப் பகலிலேயே எடுக்கலாம். குழந்தைகள் இருக்கும் படத்துக்கு இது பெரிய வரம்.

லைவ் சவுண்ட், அதாவது படப்பிடிப்பின்போதே வசனத்தைப் பதிவு செய்வது என்றால், இரைச்சல் வராமல் ஃபிரிட்ஜை அணைக்க வேண்டும். அணைத்ததும் உங்கள் வண்டிச் சாவியை அதற்குள் போட்டுவிடுங்கள், அதைத் திரும்பப் போட மறந்துவிட்டு வீட்டுக்குப் போக முடியாது. ஒவ்வொரு அறையிலும் 30 விநாடி வெறும் அமைதியையும் பதிவு செய்துகொள்ளுங்கள், எடிட்டிங்கில் ஒலியை ஒட்ட அதுதான் உதவும்.

படப்பிடிப்புக்கு முன் இரண்டு நாளாவது எல்லா நடிகர்களையும் அந்த வீட்டுக்கே கூட்டிப் போங்கள். வசன ஒத்திகை ஒரு வேளை போதும். மீதி நேரம் அவர்கள் அங்கே புழங்கட்டும். டம்ளர் எந்த அலமாரியில் இருக்கிறது என்று அம்மாவாக நடிப்பவருக்குத் தேடாமல் தெரிய வேண்டும். அப்போதே ஃபோனில் ஒவ்வொரு காட்சியின் நகர்வையும் எடுத்து, ஷாட் பட்டியலில் கட்டாயம் வேண்டியவை எவை, நேரம் கிடைத்தால் எடுப்பவை எவை என்று குறித்துவிடுங்கள். முதல் நாளில் இருவர் மட்டும் பேசும் எளிய காட்சியை வையுங்கள். பெரிய சண்டையையும் சமாதானத்தையும் இரண்டாவது வாரத்துக்குத் தள்ளுங்கள். அதற்குள் அந்த எட்டுப் பேருக்கும் ஒருவரோடொருவர் பழகிப்போயிருக்கும்.