சீனப் பெருஞ்சுவரில் நடக்க 2.45 லட்சம் போதுமா?

கேள்வி: எனக்கு 61 வயது, ரத்த அழுத்த மாத்திரை எடுக்கிறேன். திருச்சியில் வரலாற்று ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றேன். கணவர் இல்லை, சொந்த வீடு. ஓய்வூதியம் மாதம் 42,000 ரூபாய், செலவு 32,000. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 15 லட்சம் (2024-ல் போட்டது), வங்கியில் இரண்டு வைப்புநிதிகள்: 5 லட்சம் (7 சதவீத வட்டி, இரண்டு ஆண்டு) வரும் ஆகஸ்ட் 20-ல் முதிர்கிறது, 4 லட்சம் 2028-ல். சேமிப்புக் கணக்கில் 1.2 லட்சம். அக்டோபர் 10-ல் கிளம்பும் 11 நாள் பயணம் ஒன்றைப் பார்த்தேன், அதன் விவரத் தாளை அனுப்பியிருக்கிறேன். 12 பேருக்கு மிகாத குழு, வழிகாட்டியோடு சீனப் பெருஞ்சுவரின் மேல் நடை. விலை 2,45,000, விமானம் தனி. முன்பணம் 60,000, மீதியைக் கிளம்ப 60 நாளுக்கு முன் கட்ட வேண்டும். "கையில் இருப்பதைத் தொடாதே, 3 லட்சம் கடன் வாங்கி இஎம்ஐ கட்டு" என்கிறான் மகன். தங்கையோ, சேமிப்புத் திட்டம் 2029-ல் முடியட்டும், அப்புறம் போகலாம் என்கிறாள். நான் என்ன செய்யட்டும்?

பதில்: போங்கள். இந்த அக்டோபரிலேயே போங்கள். கடன் வாங்காமல், சேமிப்புத் திட்டத்தையும் தொடாமல் போக உங்களிடம் பணம் இருக்கிறது. ஆனால் 2.45 லட்சம் என்று நினைத்துக்கொண்டு கிளம்பாதீர்கள்.

முதலில் அந்த விலையைப் பிரித்துப் பார்ப்போம். இப்படிப்பட்ட பயணங்களில் விளம்பரத்தில் போடும் விலை, ஓர் அறையை இருவர் பகிர்ந்துகொள்கிறார்கள் என்று வைத்துப் போட்டது. தனியாகப் போகிறவருக்குத் தனி அறைக் கட்டணம் உண்டு. நீங்கள் அனுப்பிய தாளில் மூன்றாம் பக்கத்தின் அடியில் அது இருக்கிறது: 38,000. ஆக 2,83,000. இதன்மேல் 5 சதவீத ஜிஎஸ்டி 14,150. அப்புறம் டிசிஎஸ். இந்திய நிறுவனத்திடம் வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்பு வாங்கினால், அவர்கள் உங்களிடம் வசூலித்து அரசுக்குக் கட்டும் வரி இது. 10 லட்சம் வரை 5 சதவீதமாக இருந்தது, 2026 ஏப்ரல் முதல் 2 சதவீதம் ஆகியிருக்கிறது. உங்களுக்குச் சுமார் 6,000 வரும். ஆக நிறுவனத்துக்கு மட்டும் 3 லட்சத்தை ஒட்டிக் கட்டுவீர்கள்.

சென்னையிலிருந்து பெய்ஜிங் போய்வர, இடையில் ஒரு ஊரில் மாறிப் போகும் விமானத்துக்கு 55,000 ஒதுக்குங்கள். விசா, காப்பீடு இரண்டுக்கும் 15,000. நல்ல நடைக் காலணி, மழைச் சட்டை, ஊன்றுகோல் ஆகியவற்றுக்கு 12,000. தொகுப்பில் சேராத சாப்பாடு, வழிகாட்டிக்கும் ஓட்டுநருக்கும் அன்பளிப்பு, கைச்செலவு 30,000. கூட்டினால் 4 லட்சத்து 15 ஆயிரம். இதில் அந்த 6,000 மட்டும் திரும்ப வரும். புதிய வரி முறையில் உங்கள் வருமானத்துக்கு வரி வராது என்பதால் டிசிஎஸ் முழுவதும் உங்களுடையதுதான், ஆனால் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்தால்தான் கைக்கு வரும். வெளிநாட்டுப் பயணத்துக்கு ஓர் ஆண்டில் 2 லட்சத்துக்கு மேல் செலவழித்தவர்கள் கணக்கு தாக்கல் செய்தே ஆக வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. "பென்ஷன்தானே, எதற்கு" என்று விட்டுவிடாதீர்கள்.

இந்த 4.15 லட்சம் எங்கிருந்து வருவது? மகன் சொல்லும் வழியை முதலில் பார்ப்போம். 3 லட்சம் தனிநபர் கடன், 14 சதவீத வட்டி, 24 மாதம் என்றால் மாதத் தவணை சுமார் 14,400. இரண்டு ஆண்டில் கட்டும் வட்டி ஏறக்குறைய 45,700. அவர் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார், "கையிருப்பு குறையக் கூடாது" என்ற பயம் அது. ஆனால் கடனுக்குப் பதில் வைப்புநிதிப் பணத்தில் போய்வந்து, அதே 14,400-ஐ மாதாமாதம் 7 சதவீத ஆர்டியில் போட்டால் 24 மாதத்தில் 3.7 லட்சத்தைத் தாண்டும். கடன் வாங்கி வைப்புநிதியை அப்படியே வைத்திருந்தால் அந்த 3 லட்சம் 3.45 லட்சம்தான் ஆகியிருக்கும். வரியை விட்டுவிட்டுப் பார்த்தாலும் 25,000 ரூபாய்க்கு மேல் வித்தியாசம். அந்தப் பணத்தை ஏன் வங்கிக்குக் கொடுக்க வேண்டும்? "வட்டியில்லா இஎம்ஐ" என்று பயண நிறுவனமே நீட்டினாலும், ரொக்கமாகக் கட்டினால் தள்ளுபடி உண்டா, செயலாக்கக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். வட்டி எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் இருந்து பாதிப் பணம் எடுக்க முடியாது, கணக்கையே மூட வேண்டும். இரண்டு ஆண்டு தாண்டியிருந்தால் போட்ட தொகையில் 1 சதவீதம் பிடிப்பார்கள், அதாவது 15,000; தாண்டவில்லை என்றால் ஒன்றரை சதவீதம். 8.2 சதவீத வட்டியும் போய்விடும். அதைத் தொட வேண்டாம். ஆனால் அது மூன்று மாதத்துக்கு ஒருமுறை தரும் 30,750-ஐ நீங்கள் வீட்டுச் செலவுக்கு எடுப்பதில்லை. ஓய்வூதியத்திலும் மாதம் 10,000 மிஞ்சுகிறது. இரண்டும் சேர்ந்து ஆண்டுக்கு 2.43 லட்சம். இந்தப் பயணத்தின் மொத்தச் செலவும் சுமார் இருபது மாதத்தில் திரும்ப வந்துவிடும். மகனுக்குக் காட்ட வேண்டிய கணக்கு இதுதான்.

ஆக, ஆகஸ்டில் முதிரும் 5 லட்சம்தான் உங்கள் பயணப் பணம். வட்டி 7 சதவீதம், இரண்டு ஆண்டு என்று எழுதியிருந்தீர்கள், முதிர்வில் 5.74 லட்சம் கிடைக்கும். இங்கேதான் ஒரு சின்னச் சிக்கல். கிளம்ப 60 நாளுக்கு முன் என்றால் ஆகஸ்ட் 11. வைப்புநிதி முதிர்வது ஆகஸ்ட் 20. ஒன்பது நாள் இடைவெளி. வங்கிக்குப் போனால் கவுன்ட்டரில் "ஒடச்சிடலாம்மா, பத்து நாள்தானே" என்று சொல்லக்கூடும். பத்து நாள்தான் என்றாலும், முன்கூட்டி உடைத்தால் மொத்தக் காலத்துக்கும் வட்டியில் 1 சதவீதம் வரை குறைப்பார்கள். உங்களுக்கு அது சுமார் 11,000 ரூபாய் வரை போகும். அதற்குப் பதில் அதே வைப்புநிதியின் மேல் ஓவர்டிராஃப்ட் (வைப்புநிதியை ஈடாக வைத்து எடுக்கும் குறுகிய காலக் கடன்) கேளுங்கள். பெரும்பாலான வங்கிகளில் அதன் வட்டி வைப்புநிதி வட்டியைவிட 1 சதவீதம் கூடுதல். 2.43 லட்சத்துக்கு ஒன்பது நாள் வட்டி, 8 சதவீதம் என்றால் ஐநூறு ரூபாய்கூட ஆகாது. ஆகஸ்ட் 20-ல் அடைத்துவிடலாம். இதற்கான படிவத்தை ஜூலையிலேயே கொடுத்து வையுங்கள்.

முன்பணம் 60,000-மும் விமானச் சீட்டும் சேமிப்புக் கணக்கிலிருந்து போகட்டும். ஏப்ரல், ஜூலை வட்டி வரும்போது அது பாதிக்கு மேல் நிரம்பிவிடும். மீதி எல்லாம் வைப்புநிதியிலிருந்து. எல்லாம் போக அதில் 2.7 லட்சத்துக்கு மேல் மிஞ்சும், மறுபடியும் வைப்புநிதியில் போடுங்கள். 2028-ல் முதிரும் 4 லட்சம் உங்கள் ஆபத்துக் காலப் பணம், அது இந்தக் கணக்கிலேயே வராது.

தங்கை சொல்வது போல 2029 வரை காத்திருந்தால் என்ன? பணக் கணக்கில் ஒன்றும் கெட்டுப்போகாது. முழங்காலுக்கு அப்படிச் சொல்ல முடியாது. சுவரின் ஜின்ஷான்லிங் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். பெய்ஜிங்கின் வடகிழக்கே ஹெபெய் மாகாணத்தில் இருக்கிறது, சுமார் 10.5 கிலோமீட்டர், 67 காவல்கோபுரங்கள். மிங் அரசமரபின் காலத்தில், 1568-ல் வடக்கு எல்லைக்கு அனுப்பப்பட்ட தளபதி ச்சீ ஜிகுவாங் வலுப்படுத்திய வரிசை இது. நீங்கள் வரலாறு சொல்லிக்கொடுத்தவர் என்பதால் சொல்கிறேன், கட்டிய ஆண்டும் படைப்பிரிவும் பொறித்த செங்கற்களை அங்கே சுவரிலேயே பார்க்கலாம். ஆனால் படிகள் ஒரே உயரத்தில் இருக்காது. ஒன்று கணுக்கால் உயரம், அடுத்தது முழங்கால் உயரம், அதற்கடுத்தது சிதைந்துபோய்ச் சரளைக்கல். ஏறுவதைவிட இறங்குவதுதான் சிரமம். இதை 61-ல் செய்வதும் 64-ல் செய்வதும் ஒன்றல்ல. ஓய்வுக்காலச் செலவில் சில உடம்பு ஒத்துழைக்கும்போது மட்டுமே செய்யக்கூடியவை, அவற்றை முன்னால் வைப்பது ஊதாரித்தனம் அல்ல. இப்போதிலிருந்தே மலைக்கோட்டைப் படிகளை வாரத்தில் சில நாள் ஏறி இறங்குங்கள், அதற்குச் செலவு கிடையாது.

நாளும் நன்றாக அமைந்திருக்கிறது. அக்டோபர் 1 முதல் ஒரு வாரம் சீனாவில் தேசிய விடுமுறை. சுவர் முழுக்கத் தலைகளாகத்தான் தெரியும், அறை விலையும் ஏறிவிடும். 10-ஆம் தேதி கிளம்புவது அதைத் தாண்டிவிடுகிறது.

பயணத் திட்டத்தில் ஒரு நாள் எனக்கு உறுத்துகிறது. முத்தியான்யூ, கூபெய்கோ, ஜின்ஷான்லிங், சிமாதாய் எல்லாம் சரி, அனுமதிச் சீட்டு வாங்கிப் போகும் இடங்கள். கூபெய்கோவிலிருந்து ஜின்ஷான்லிங் போகும் நாளில் ராணுவப் பகுதியைத் தவிர்க்கச் சுவரிலிருந்து இறங்கிப் பள்ளத்தாக்கு வழியாகச் சுற்றுகிறோம் என்று வெளிப்படையாகவே போட்டிருக்கிறார்கள், அது நல்ல அடையாளம். ஆனால் ஐந்தாம் நாள் "ஜியான்கோ காட்டுச்சுவர்" என்று இருக்கிறது. செங்குத்தான வெள்ளைப் பாறை முகட்டில் போகும், புகைப்படங்களில் மிக அழகாக வரும், ஆனால் பார்வையாளர்களுக்குத் திறக்காத பகுதி. சீனாவில் 2006 டிசம்பரில் அமலுக்கு வந்த பெருஞ்சுவர்ப் பாதுகாப்பு விதிகள், இப்படித் திறக்காத பகுதிகளின் மேல் குழுவாக நிகழ்ச்சி நடத்துவதைத் தடை செய்கின்றன. 12 பேரை வழிகாட்டியோடு கூட்டிப்போவது அதற்குள் வராது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

இது எப்படிப் பண விஷயம் என்றால், காப்பீட்டில்தான் இடிக்கும். தடை உள்ள இடத்தில் போய்க் கால் முறிந்தால், சட்டத்துக்கு மாறான செயல் என்று நிறுவனம் இழப்பீட்டை மறுக்கலாம். அங்கேயே மருத்துவமனைச் செலவும் ஊருக்குக் கொண்டுவரும் செலவும் உங்கள் தலையில் விழும், அது பல லட்சத்தில் போகும். ஜியான்கோவைச் சுவரில் ஏறாமல் கீழே கிராமத்திலிருந்து பார்க்கிறார்களா, மேலே ஏற்றுகிறார்களா என்று எழுத்தில் கேளுங்கள். ஏற்றுகிறோம் என்றால், அன்றைக்கு நீங்கள் முத்தியான்யூவில் இன்னொரு நாள் நடக்க ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். அங்கே கேபிள் காரும் இருக்கிறது, கால் வலித்தால் இறங்கிவிடலாம்.

காப்பீடு எடுக்கும்போது மலிவானதைப் பார்க்காதீர்கள். மருத்துவத்துக்கு 1 லட்சம் டாலர் வரை, நடைப்பயணம் விலக்குப் பட்டியலில் இல்லாத பாலிசி. ரத்த அழுத்த மாத்திரை எடுப்பதாக எழுதியிருந்தீர்கள், அதை விண்ணப்பத்தில் மறைக்காமல் சொல்லுங்கள். பிரீமியம் கொஞ்சம் கூடும், பரவாயில்லை.

பணம் கட்டும் முறை பற்றியும் சொல்லிவிடுகிறேன். யுபிஐயை நம்பிப் போகாதீர்கள். அங்கே எல்லாம் அலிபே, வீசாட் செயலிகளில்தான். விசா அல்லது மாஸ்டர்கார்டு அட்டையை அலிபேயில் இங்கேயே இணைத்துவிடலாம். 200 யுவான் வரையிலான பரிவர்த்தனைக்கு அவர்கள் கட்டணம் எடுப்பதில்லை, அதற்கு மேல் 3 சதவீதம். உங்கள் வங்கியும் அந்நியச் செலாவணிக் கட்டணம் போடும், மூன்றரை சதவீதம் வரை போகிறது. அந்தக் கட்டணம் இல்லாத அட்டை கிடைத்தால் நல்லது. அட்டையில் வெளிநாட்டுப் பயன்பாட்டைச் செயலியில் நீங்களே திறந்துவிட வேண்டும். ஓடிபி உங்கள் சிம்முக்குத்தான் வரும், ஆகவே ரோமிங்கைப் போட்டுவிட்டே கிளம்புங்கள். ஏதாவது இயந்திரம் "ரூபாயில் கட்டுகிறீர்களா, யுவானிலா" என்று கேட்டால் யுவான். கிராமத்துக் கடைக்குக் கொஞ்சம் ரொக்கமும் இருக்கட்டும்.

கடைசியாக ஒன்று. குறைந்தபட்சம் ஆறு பேர் சேராவிட்டால் பயணத்தை ரத்து செய்வோம், கட்டிய பணத்தைத் தருவோம் என்று நிபந்தனையில் இருக்கிறது. அவர்கள் தருவார்கள், விமான நிறுவனம் தராது. "குழு உறுதியானது" என்ற மின்னஞ்சல் வரும்வரை டிக்கெட் போடாதீர்கள், ஐயாயிரம் விலை ஏறினாலும் சரி. அறையைப் பகிர்ந்துகொள்ளச் சம்மதிக்கும் இன்னொரு பெண் பயணி இருக்கிறாரா என்றும் அப்போதே கேட்டுவிடுங்கள். இருந்தால் ஜிஎஸ்டியோடு சேர்த்து 39,900 மிச்சம். குறட்டை விடுகிறவரா என்று விசாரிப்பது உங்கள் பொறுப்பு.