கெமிஸ்ட்ரியிலிருந்து எண்ணுங்கள்

வணக்கம். கலிஃபோர்னியாவில் ஃப்ரீமான்ட் பக்கம் இருக்கிறோம். மகள் கம்யூனிட்டி காலேஜில் (இரண்டாண்டுக் கல்லூரி) ஓராண்டு முடித்திருக்கிறாள். இங்கிலீஷ், வரலாறு, சைக்காலஜி, அனாட்டமி எல்லாவற்றிலும் 'ஏ'. பொதுப் பாடங்களை முதலில் முடி என்றார்கள், முடித்தாள். கெமிஸ்ட்ரி இன்னும் தொடவில்லை. யூசியில் (கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) பயோமெடிக்கல் படிக்க ஆசைப்படுகிறாள். அடுத்த ஆண்டே மாறிவிட முடியுமா?
– ச.

அன்புள்ள ச.,

சிரமம்தான். இன்னும் இரண்டு ஆண்டு என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள்.

ஜெனரல் கெமிஸ்ட்ரி இரண்டு செமஸ்டர், அதை முடித்தபின் ஆர்கானிக் இரண்டு செமஸ்டர். ஒன்றில் தேறாமல் அடுத்ததில் சேர்க்கமாட்டார்கள். பள்ளியில் போதிய கெமிஸ்ட்ரி இல்லையென்றால் முன்னால் ஓர் அறிமுகப் பாடமும் வந்து ஒட்டிக்கொள்ளும். அதையே மேஜராக, அதாவது முதன்மைப் பாடமாக, எடுப்பவர்களுக்கான செல் பயாலஜிக்கும் பல கல்லூரிகள் ஜெனரல் கெமிஸ்ட்ரி கேட்கும். வரலாற்றையும் சைக்காலஜியையும் எந்த செமஸ்டரில் வேண்டுமானாலும் செருகலாம், இந்த வரிசையைச் செருக முடியாது. அதிக யூனிட் கேட்கும் அறிவியல் மேஜர்களுக்கு மேஜர் பாடங்களையே முதலில் பாருங்கள் என்று யூசியே சொல்கிறது. உங்களுக்குக் கிடைத்த ஆலோசனை வேறு துறைக்குச் சரி.

அனாட்டமி யூனிட் கணக்கில் சேரும், மேஜர் பயாலஜிக்கு ஈடாகாது. நர்சிங் போகிறவர்களுக்கென்று நடத்தும் கெமிஸ்ட்ரியும் அப்படித்தான். பெயரைப் பார்த்து ஏமாறாமல், கல்லூரிப் பாடங்களை யூசி பாடங்களோடு ஒப்பிட்டுக் காட்டும் 'அசிஸ்ட்' இணையதளத்தில் கல்லூரி, யூசி வளாகம், மேஜர் மூன்றையும் கொடுத்துப் பாருங்கள். எந்தப் பாடத்துக்கு எது ஈடு என்று வரிவரியாக வரும். மேஜரின் பெயர் பெரும்பாலும் ஹ்யூமன் பயாலஜி, பயோகெமிஸ்ட்ரி, மாலிக்யூலர் பயாலஜி என்றிருக்கும். ஆர்கானிக் எவ்வளவு வேண்டும் என்பதும் வளாகத்துக்கு வளாகம் மாறும்.

அந்தப் பட்டியலில் இரண்டு பாடங்களை ஓர் அடைப்புக்குள் சேர்த்து நடுவில் 'அண்ட்' போட்டிருந்தால், இரண்டையும் ஒரே கல்லூரியில் முடிப்பதுதான் பத்திரம். இங்கேதான் நிறையப் பேர் மாட்டுகிறார்கள். தங்கள் கல்லூரியில் லேப் இடம் கிடைக்காமல் முதல் பாதியை டி ஆன்சா என்ற வேறொரு கம்யூனிட்டி காலேஜில் எடுப்பார்கள். அங்கே குவார்ட்டர் முறை, ஓராண்டுக் கெமிஸ்ட்ரி மூன்று துண்டு. ஒரு துண்டோடு செமஸ்டர் கல்லூரிக்குத் திரும்பினால் பாடத்திட்டம் பொருந்தாது. வெளியே போவதென்றால் வரிசை முழுவதையும் அங்கேயே முடிக்க வேண்டும். இல்லாவிட்டால் வெயிட்லிஸ்டில் பெயர் போட்டு முதல் வகுப்பிலேயே போய் உட்காரச் சொல்லுங்கள். வராதவர்களின் இடம் அன்றைக்கே கைமாறும்.

மதிப்பெண்ணில் ஒரு விசித்திரம். 'டி' வாங்கினால் திரும்பப் படிக்கலாம், 'சி' வாங்கினால் முடியாது. மிட்டெர்ம் சரிந்து 'சி'யில் போய் முடியும் என்று தெரிந்தால், கெடுவுக்குள் விலகி ஒரு 'டபிள்யூ' (விலகியதற்கான குறி) வாங்குவது மேல். அதுவும் ஒரு முயற்சியாகக் கணக்கில் ஏறும் என்பதால் வழக்கமாக்கிவிடக் கூடாது.

மூன்றாம் ஆண்டு போனால் யூனிட் அதிகமாகிவிடுமே என்று பயப்படாதீர்கள். கம்யூனிட்டி காலேஜிலிருந்து 70 செமஸ்டர் யூனிட் வரைதான் யூசி எண்ணும். அதற்கு மேல் எடுத்த பாடங்களும் மேஜர் தேவைக்குச் செல்லும், அதற்காக நிராகரிக்கமாட்டார்கள்.

சேரவேண்டிய ஆண்டுக்கு முந்தைய செப்டம்பர் 1 முதல் 30க்குள் 'டேக்' என்ற, யூசியில் இடத்துக்கு உத்தரவாதம் தரும் விண்ணப்பம் போடுங்கள். டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சாண்டா பார்பரா, சாண்டா க்ரூஸ் ஆகிய ஆறு யூசி வளாகங்களில் ஒன்றுக்கு மட்டும்தான். பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோவில் இது கிடையாது. சில மேஜர்களுக்குத் தனி ஜிபிஏ (மதிப்பெண் சராசரி) கேட்பார்கள். வழக்கமான விண்ணப்பத்தையும் தனியே அனுப்பவேண்டும். ஜனவரியில் மதிப்பெண்ணையும் பாட மாற்றங்களையும் பதிவுசெய்ய வேண்டும். ஆர்கானிக்கைச் சொல்லாமல் கைவிட்டால் கிடைத்த இடமும் போகும்.

நீங்கள் கேட்காத ஒன்று. மகள் எச்-4 விசாவில் (பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்தது) இருந்தால் 21 வயதில் அது முடிந்துவிடும். எஃப்-1 என்ற மாணவர் விசாவுக்கு மாறினால் கலிஃபோர்னியாவாசிகளுக்கான குறைந்த கட்டணம் கிடைக்காது, யூசியில் ஆண்டுக்கு 30,000 டாலருக்கு மேல் கூடும். அந்தப் பிறந்தநாள் எந்த செமஸ்டரில் வருகிறது என்று பாருங்கள். படிப்பின் நடுவில் வருமென்றால், மூன்றாம் ஆண்டை முடிவு செய்யுமுன் ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் பேசிவிடுங்கள்.